உள்ளே எத்தனை பேர்?

தம்பி, தங்கைகளே! காலை ஐந்தரை மணிக்கு ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்றிருக்கிறீர்களா?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் சந்திக்கிற இடம் அது. உங்களில் பலர் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் அந்த நேரத்தில் அங்கே கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி வரும். கழுத்தில் அடையாள அட்டை, காலில் கனமான ஷூ, கையில் சாப்பாட்டுப் பையோடு அண்ணன்களும் அக்காக்களும் இறங்குவார்கள், ஏறுவார்கள். ஒரு ஷிப்ட் முடிகிறது, இன்னொரு ஷிப்ட் தொடங்குகிறது. இந்தப் பக்கம் கார் செய்கிறார்கள், அந்தப் பக்கம் லாரி, கொஞ்சம் தள்ளி மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி என்று ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஆலைகள்தான்.

இந்த ஆலைகளில் மெஷின் பழுது பார்க்கும் அண்ணன் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "அண்ணா, உங்களுக்கென்று ஒரு பூட்டு இருக்கிறதா?"

"ஆமாம், உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஆச்சரியப்படுவார்.

பீரோவைப் பூட்டவோ சைக்கிளைப் பூட்டவோ அல்ல அந்தப் பூட்டு. கார் கதவை ஒரே அழுத்தில் வடிவமாக்கும் பெரிய பிரஸ் மெஷின் ஒன்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரி செய்ய அண்ணன் அதற்குள் கையை விட வேண்டும். சில மெஷின்களில் ஆளே உள்ளே நுழைய வேண்டும். அந்த நேரம் பார்த்து, தூரத்தில் இருக்கும் ஒருவர் விஷயம் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டால்? நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது அல்லவா?

அதனால் முதலில் மெயின் சுவிட்சை அணைப்பார்கள். அந்த சுவிட்ச் மேலேயே தன் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையையும் தொங்கவிடுவார் அண்ணன். சாவி அவர் சட்டைப் பையில். நான்கு பேர் சேர்ந்து வேலை பார்த்தால் நான்கு பூட்டு. ஒருவர் வேலையை முடித்துத் தன் பூட்டை எடுத்தாலும், மற்ற மூன்று பூட்டுகள் இருக்கும்வரை மெஷின் ஓடாது. அடுத்தவர் பூட்டில் கை வைப்பது பெரிய குற்றம்.

"நான் இன்னும் உள்ளே இருக்கிறேன்" என்று அந்தப் பூட்டு சொல்லிக்கொண்டே இருக்கிறது. பேசாத பூட்டு, ஆனால் பிடிவாதமான பூட்டு!

இதே செய்தியைச் சொல்லும் இன்னொரு சின்னப் பொருளும் உண்டு. அது பித்தளையில் செய்த ஒரு டோக்கன். அதைப் பார்க்க நாம் பூமிக்கு அடியில் இறங்க வேண்டும்.

ஒரகடத்திலிருந்து சுரங்கத்துக்கு...

ஒரகடத்தைச் சுற்றிச் சுரங்கம் ஏதும் கிடையாது. ஆனால் சுரங்கத்துக்குப் போகும் வண்டி இங்கேதான் பிறக்கிறது. ஒரகடம் சிப்காட்டில் உள்ள கோமட்சு ஆலையில் சுரங்கங்களுக்கான ராட்சத டம்பர்கள் செய்கிறார்கள். இந்த வகை வண்டிகளில் நூறு டன் அளவுக்குப் பாறையைச் சுமக்கும் டம்பரின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உங்கள் அப்பா நின்றால், அப்பாவின் தலைக்கு மேலேயும் சக்கரம் தெரியும்!

அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு, பக்கத்தில் வரும் ஜீப் கண்ணுக்கே தெரியாது. ஆகவே சுரங்கங்களில் ஜீப்புகளின் மேல் நீளமான கம்பு நட்டு, அதன் உச்சியில் கொடி பறக்க விடுவார்கள். அரசியல் கட்சிக் கொடி இல்லை, "நான் இங்கே இருக்கிறேன், என் மேல் ஏற்றிவிடாதே" என்று சொல்லும் கொடி. பூட்டு சொன்னதைத்தான் கொடியும் சொல்கிறது, கவனித்தீர்களா?

இந்த டம்பர்கள் ஓடுவது திறந்தவெளிச் சுரங்கங்களில். நம் நெய்வேலி அப்படிப்பட்டதுதான். மேல் மண்ணை முழுக்கத் தோண்டி எடுத்துவிட்டு, பழுப்பு நிலக்கரியை வெளிச்சத்தில் வெட்டி எடுப்பார்கள். வானம் தெரியும், காற்று வரும். நிலத்தடிச் சுரங்கம் அப்படி அல்ல. அங்கே மேலே பாறை, கீழே பாறை, நாலு பக்கமும் பாறை. வெளிச்சத்தையும் காற்றையும் நாம்தான் கொண்டு போக வேண்டும்.

தாத்தாக்கள் போன தங்க வயல்

நிலத்தடிச் சுரங்கம் என்றால் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கோலார் தங்க வயல். கர்நாடகத்தில் இருந்தாலும் ஊரே தமிழ் பேசும். பழைய வட ஆற்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக அங்கே வேலைக்குப் போனார்கள். 1880-ல் இங்கிலாந்தின் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய வேலை, 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்படும்வரை நடந்தது. வேலூர், திருப்பத்தூர் பக்கத்து நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். "எங்க தாத்தா தங்க வயல்ல இருந்தார்" என்று யாராவது சொல்லக்கூடும்.

அந்தச் சுரங்கத்தின் ஆழம் எவ்வளவு தெரியுமா? மூன்று கிலோ மீட்டருக்கு மேல்! உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். சித்திரை வெயிலுக்கே நமக்கு நாக்கு தள்ளுகிறது. குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பித்தான் அங்கே வேலை செய்தார்கள்.

வெப்பத்தைவிடப் பயங்கரமானது பாறை வெடிப்பு. மூன்று கிலோ மீட்டர் பாறையின் எடை மேலே அழுத்துகிறது. நடுவில் நாம் குடைந்து வெற்றிடம் உண்டாக்குகிறோம். அழுத்தம் தாங்காத பாறை எந்த வெடிமருந்தும் இல்லாமல் தானாகவே வெடித்துச் சிதறும். மேலே ஊரில் வீடுகள் அதிரும், பாத்திரங்கள் உருளும். நில அதிர்வு என்று பயந்து வெளியூர்க்காரர்கள் ஓடுவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கோ வேறு கவலை. இந்த ஷிப்டில் யார் யார் உள்ளே இருக்கிறார்கள்?

பாறை எங்கே, எப்போது வெடிக்கும் என்பதை அறிய அங்கே பின்னாளில் அதிர்வு அளக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். பாறைகளின் இந்தக் குணத்தை ஆராயும் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-ல் தொடங்கப்பட்டதும் தங்க வயலில்தான்.

சத்தமே போடாத ஆபத்தும் ஒன்று இருந்தது. தூசி! பாறையைத் துளையிடும்போது கிளம்பும் நுண்ணிய தூசி நுரையீரலில் போய்த் தங்கிவிடும். பல ஆண்டுகள் கழித்து மூச்சுத் திணறும். சிலிகோசிஸ் என்று இந்த நோய்க்குப் பெயர். 1940-களில் தங்க வயல் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேருக்கு இது இருந்தது. மருந்தால் சரி செய்ய முடியாத நோய் இது. வராமல் தடுக்கத்தான் வழி உண்டு. துளையிடும் இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சினால் தூசி பறக்காது. வாசல் பெருக்குமுன் அம்மா தண்ணீர் தெளிப்பார்களே, அதே வித்தைதான்.

டோக்கன் வந்துவிட்டது!

இப்போது பித்தளை டோக்கனுக்கு வருவோம். சுரங்கத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. வேலைக்கு வந்ததும் முதலில் போவது விளக்கு அறைக்கு. தன் எண் பொறித்த டோக்கனைக் கொடுப்பார். அதைப் பலகையில் உள்ள ஆணியில் மாட்டிவிட்டு, அதே எண் உள்ள தலை விளக்கை அவருக்குக் கொடுப்பார்கள். அப்புறம் கூண்டில் ஏறிக் கீழே போவார். எஃகுக் கம்பிகளை முறுக்கிச் செய்த கயிற்றில் தொங்கும் கூண்டு அது. மேலும் கீழும் இருப்பவர்கள் மணி அடித்துப் பேசிக்கொள்வார்கள். கூண்டு ஓடும்போது ஒரே ஒரு முறை மணி அடித்தால், உடனே நிறுத்து என்று பொருள்!

வேலை முடிந்து மேலே வந்ததும் விளக்கைத் திருப்பிக் கொடுத்து டோக்கனை வாங்கிக்கொள்வார். ஷிப்ட் முடிந்தபின் பலகை காலியாக இருக்க வேண்டும். ஓர் ஆணியில் ஒரு டோக்கன் மிச்சம் தொங்கினால்? ஒருவர் இன்னும் மேலே வரவில்லை! தேடு!

இவ்வளவுதான் அந்தத் தொழில்நுட்பம். மின்சாரம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். சுரங்கத்துக்குச் சுரங்கம் முறை சற்று மாறும். சில இடங்களில் ஆளுக்கு இரண்டு டோக்கன்கூட உண்டு. இன்று பல நாடுகளில் ஹெல்மெட்டிலோ இடுப்பு பெல்ட்டிலோ மின்னணு வில்லை பொருத்தி, யார் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்று திரையில் பார்க்கிறார்கள். இருந்தாலும் எனக்கென்னவோ அந்தப் பித்தளை டோக்கன் மேல்தான் மதிப்பு அதிகம். அதற்கு பேட்டரி தீராது பாருங்கள்!

தட்டிப் பார், மூக்கை நம்பாதே

கூண்டிலிருந்து இறங்கியாயிற்று. உடனே வேலையைத் தொடங்கிவிட முடியாது. தலைக்கு மேலே உள்ள கூரைப் பாறையை நீண்ட கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். சந்தையில் பாட்டி மண்பானை வாங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? விரலை மடக்கிச் சுண்டிப் பார்ப்பார். 'டங்' என்று கணீரென ஒலித்தால் நல்ல பானை. 'டப்' என்றால் விரிசல். பாறையும் அப்படியே. கணீர் என்றால் உறுதி. பறை மாதிரி 'தொம்' என்று சொன்னால் உள்ளே பிளவு விட்டிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் விழும். அதைத் தள்ளிவிட்டோ, முட்டுக் கொடுத்தோ, நீளமான இரும்பு போல்ட்டால் மேலுள்ள பாறையோடு சேர்த்து முடுக்கியோதான் கீழே நிற்க வேண்டும்.

மரத்தால் முட்டுக் கொடுத்த காலத்தில், மரம் "பேசும்" என்பார்கள். பாரம் கூடினால் உடையும் முன்பே முறுக்கு முறுக்கென்று சத்தம் போடும். கேட்டவர்கள் ஓடிவிடுவார்கள்.

அடுத்தது வாயு. நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் கசியும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு சின்னத் தீப்பொறி போதும், சுரங்கமே வெடிக்கும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் மெழுகுவர்த்தியோடுதான் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்! எத்தனை வெடி விபத்து நடந்திருக்கும் என்று பாருங்கள்.

1815-ல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி ஒரு விளக்கு செய்தார். சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை. வலை வழியே வாயு உள்ளே வரும், எரியும். ஆனால் கம்பி வெப்பத்தைப் பிடித்துப் பரப்பிவிடுவதால் நெருப்பு வெளியே தாவாது. இன்னொரு லாபமும் உண்டு. மீத்தேன் இருந்தால் சுடரின் தலையில் நீல நிறத்தில் ஒரு குல்லாய் தெரியும்! விளக்கே எச்சரிக்கைக் கருவியாகவும் ஆகிவிட்டது. (உடனே அம்மாவின் கேஸ் அடுப்பில் வலையை வைத்துச் சோதிக்கக் கிளம்பாதீர்கள். அது வேண்டாம்!)

கார்பன் மோனாக்சைடு இன்னொரு எமன். அதைக் கண்டுபிடிக்க, கேனரி என்ற மஞ்சள் நிறக் குருவியைக் கூண்டோடு கொண்டு போனார்கள். குருவி வேகமாக மூச்சு விடும் என்பதால் மனிதருக்கு முன்பே மயங்கிவிடும். அது தள்ளாடினால் எல்லோரும் வெளியே ஓடுவார்கள். பாவம் குருவி என்கிறீர்களா? சுரங்கத் தொழிலாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். சில கூண்டுகளில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் வைத்து, மயங்கிய குருவியைப் பிழைக்க வைத்தார்கள். பிரிட்டனில் 1986-ல்தான் மின்னணுக் கருவிகள் வந்து குருவிகளுக்கு ஓய்வு கிடைத்தது.

ஒரு வழி போதாது

"வீட்டுக்கு ஒரு வாசல் போதாதா?" என்றால் போதும். சுரங்கத்துக்குப் போதாது. இது தெரிய 204 பேர் சாக வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் ஹார்ட்லி என்ற ஊரில் ஒரு நிலக்கரிச் சுரங்கம். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே ஒரு குழிதான். 1862 ஜனவரி 16-ல் குழியின் மேலிருந்த பம்பு இயந்திரத்தின் பிரம்மாண்டமான இரும்பு விட்டம் முறிந்து அந்தக் குழிக்குள்ளேயே விழுந்தது. வழி அடைபட்டது. உள்ளே இருந்த பெரியவர்களும் சிறுவர்களும் வெளியே வரவே முடியவில்லை. ஆம், சிறுவர்கள்! அந்தக் காலத்தில் உங்கள் வயதுப் பையன்கள் அங்கே வேலை செய்தார்கள். அதன் பிறகுதான், எந்தச் சுரங்கத்துக்கும் இரண்டு வழி கட்டாயம் என்று சட்டம் வந்தது. இரண்டு வழி இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. ஒன்றின் வழியாக நல்ல காற்று உள்ளே போகும். மற்றதன் வழியாகக் கெட்ட காற்றைப் பெரிய மின்விசிறி இழுத்து வெளியேற்றும்.

நம் நாட்டிலும் பெரிய துயரம் ஒன்று நடந்தது. 1975 டிசம்பர் 27. தன்பாத் அருகே சஸ்நாலா நிலக்கரிச் சுரங்கம். வேலை நடந்த இடத்துக்கு அருகே, பல ஆண்டுகளுக்கு முன் தோண்டிக் கைவிட்ட பழைய சுரங்கத்தில் தண்ணீர் நிரம்பி நின்றது. நடுவில் இருந்த தடுப்பு உடைந்து, அத்தனை நீரும் உள்ளே பாய்ந்தது. 375 பேர் இறந்தார்கள்.

தண்ணீர் நிரம்பிய பழைய சுரங்கத்துக்கு 60 மீட்டர் அளவுக்கு நெருங்கினாலே தனி அனுமதி வேண்டும். முன்கூட்டியே சிறு துளைகள் போட்டு, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் போக வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இது நல்ல விதி. ஆனால் பழைய சுரங்கம் எதுவரை போகிறது என்று சரியான வரைபடம் கையில் இருந்தால்தானே 60 மீட்டரை அளக்க முடியும்? பூகோளப் பாடத்தில் மேப் வரையச் சொன்னால் சலித்துக்கொள்கிறீர்களே, சுரங்கத்தில் அந்த மேப்பின் ஒரு கோடு தவறினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கேப்ஸ்யூலில் இறங்கியவர்

பதினான்கு ஆண்டுகள் கழித்து மறுபடியும் தண்ணீர். இந்த முறை மேற்கு வங்காளத்தில் ராணிகஞ்ச் பகுதியில் உள்ள மகாவீர் நிலக்கரிச் சுரங்கம். 1989 நவம்பர் 13 அதிகாலை. உள்ளே 220 பேர். தண்ணீர் புகுந்ததும் 149 பேர் வெளியேறிவிட்டார்கள். 71 பேர் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் 6 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். மிச்சம் 65 பேர், சுரங்கத்துக்குள் சற்று மேடான ஓரிடத்தில் போய் ஒண்டிக்கொண்டார்கள். நல்லவேளையாக அங்கே ஒரு டெலிபோன் இருந்தது!

கணக்கைப் பாருங்கள். 220, 149, 71, 6, 65. தப்பியவர் எத்தனை, உள்ளே எத்தனை என்ற எண் தெளிவாக இருந்ததால்தான், மேலே இருந்தவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது.

ஜஸ்வந்த் சிங் கில் என்ற சுரங்க என்ஜினீயர் ஒரு யோசனை சொன்னார். வழக்கமான வழியில் தண்ணீர். அப்படியானால் புதிதாக ஒரு வழி போடுவோம்! நம் ஊரில் திருச்செங்கோட்டு போர்வெல் லாரி வந்து 'கடகட'வென்று துளை போடுமே, அதுபோல மேலிருந்து நேராக அவர்கள் ஒண்டியிருக்கும் இடத்துக்குத் துளையிட்டார்கள். முதலில் சின்னத் துளை. அதன் வழியே சாப்பாடும் தண்ணீரும் போயின. பிறகு ஆள் வரும் அளவுக்குப் பெரிய துளை. பெரியது என்றால் எவ்வளவு? 22 அங்குலம்தான். உங்கள் 30 சென்டி மீட்டர் ஸ்கேலை இரண்டு முறை வைத்தால் வருவதைவிடக் குறைவு! அதற்குள் போய் வர, ஒருவர் நின்றபடி அடங்கும் இரும்புக் கேப்ஸ்யூல் ஒன்றை அவசர அவசரமாகச் செய்தார்கள்.

இப்போது ஒரு சிக்கல். வெறும் கேப்ஸ்யூலைக் கீழே அனுப்பினால், மூன்று நாளாகத் தவித்துக்கொண்டிருக்கும் 65 பேரும் ஒரே நேரத்தில் அதில் ஏறப் பார்க்க மாட்டார்களா? மேலிருந்து ஒருவர் முதலில் இறங்கி வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். யார் இறங்குவது? உடைந்த சுரங்கத்துக்குள், எப்போது தண்ணீர் ஏறுமோ தெரியாத இடத்துக்கு, அதுவரை யாரும் போய்ப் பார்க்காத கேப்ஸ்யூலில்?

கில் தானே இறங்கினார். நவம்பர் 16 அதிகாலை. ஒருவர், இன்னொருவர் என்று வின்ச் இழுக்க இழுக்க, ஏறக்குறைய ஆறு மணி நேரம். 65 பேரையும் மேலே அனுப்பி முடிக்கும்வரை அவர் கீழேயே இருந்தார். உள்ளே போனது ஒருவர், வெளியே வந்தது 66 பேர்!

1991-ல் அவருக்கு உயிர் காக்கும் வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான சர்வோத்தம் ஜீவன் ரக்ஷா பதக்கம் கிடைத்தது. கொடுத்தவர் அன்றைய ஜனாதிபதி, நம் ஊர் ஆர். வெங்கட்ராமன். கில் 2019-ல் காலமானார். 2023-ல் அவர் கதையை இந்தியில் சினிமாவாகவும் எடுத்தார்கள். உலகிலேயே முதல் கேப்ஸ்யூல் இதுதான் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. ஜெர்மனியில் 1955-லேயே இப்படி ஒரு குழாயில் மூன்று தொழிலாளர்களை மீட்டிருக்கிறார்கள். அதனால் கில்லின் துணிச்சல் ஒரு அங்குலம்கூடக் குறைந்துவிடாது.

2010-ல் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் சுமார் 700 மீட்டர் ஆழத்தில் 33 பேர் சிக்கியபோதும் கேப்ஸ்யூல்தான் கைகொடுத்தது. பதினேழு நாள் வரை அவர்கள் இருக்கிறார்களா, இல்லையா என்றே தெரியவில்லை. கடைசியில் துளையிட்ட எந்திரத்தின் முனை மேலே வந்தபோது, அதில் ஒரு துண்டுச் சீட்டு கட்டியிருந்தது. 33 பேரும் உயிரோடு இருப்பதாக எழுதியிருந்தார்கள். பார்த்தீர்களா, கீழே இருந்தவர்களும் எண்ணித்தான் எழுதினார்கள்! 69-வது நாள் எல்லோரும் மேலே வந்தார்கள்.

நாற்பதா, நாற்பத்தொன்றா?

இது உங்களுக்கே நினைவிருக்கலாம். 2023 நவம்பர் 12, தீபாவளி நாள். நாம் பட்டாசும் பலகாரமுமாக இருந்த அந்தக் காலையில், உத்தராகண்ட் மாநிலம் உத்தரகாசி அருகே சில்க்யாரா என்ற இடத்தில், மலையைக் குடைந்து சாலை போட்டுக்கொண்டிருந்த சுரங்கப்பாதை நடுவில் இடிந்தது. மறுமுனை இன்னும் திறக்கப்படவில்லை. நுழைந்த வழியோ மூடிவிட்டது. ஹார்ட்லி கதை மாதிரியே, ஒரே வழி!

உள்ளே எத்தனை பேர்? 40 என்று அறிவித்தார்கள். பட்டியல் வந்தது. குழாய் வழியாக முதலில் பொரி, உலர் பழம் போன்றவை போயின. பிறகு கொஞ்சம் பெரிய குழாய் வழியாகப் பாட்டிலில் அடைத்த கிச்சடி போனது. கிட்டத்தட்ட ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, உள்ளே இருப்பது 40 அல்ல, 41 பேர் என்று!

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு மனிதர், சுமார் ஒரு வாரம், மற்ற நாற்பது பேரோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் வெளியே உள்ள பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் வீட்டில் அம்மாவோ தங்கையோ டிவியில் பட்டியலைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? "நல்லவேளை, நம்ம ஆள் அங்கே இல்லை" என்று நிம்மதியாகக்கூட இருந்திருக்கலாம்! அவரோ உள்ளே. ஆணியில் மாட்டாத டோக்கன் என்றால் இதுதான்.

ராட்சத எந்திரம் துளைத்துக்கொண்டே போய், கடைசிப் பகுதியில் இரும்புக் கம்பிகளில் மாட்டி உடைந்துபோனது. அப்புறம் வந்தவர்கள் கையால் தோண்டும் தொழிலாளர்கள். எலி வளை போலக் குறுகலாகத் தோண்டுவதால் அவர்களை எலிவளைத் தொழிலாளர்கள் என்பார்கள். மேகாலயாவில் நிலக்கரிக்காக இப்படித் தோண்டுவது ஆபத்தானது என்று 2014-ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்தது. ஆனால் அன்றைக்கு அந்தக் கைவித்தைதான் உதவியது. குழாய்க்குள் தவழ்ந்துபோய், கடைசி 10, 12 மீட்டர் மண்ணைக் கையாலேயே அள்ளினார்கள். நவம்பர் 28 இரவு, 17 நாளுக்குப் பின், 41 பேரும் வெளியே வந்தார்கள்.

அவர்கள் ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், ஒடிசா, பீகார் என்று பல மாநிலங்களிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். அதே ஊர்களிலிருந்து வந்த அண்ணன்கள் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கம்பெனியில் நேரடியாக வேலை செய்பவர்களும் உண்டு. கான்டிராக்டர் மூலம் வருபவர்களும் உண்டு. இன்றைக்குப் புதிதாகச் சேர்ந்தவரும் உண்டு. தீ எச்சரிக்கை மணி அடித்தால் எல்லோரும் ஓடிவந்து கூடுவதற்கு ஆலைகளில் பச்சைப் பலகை வைத்த இடம் ஒன்று உண்டு. அங்கே வந்ததும் முதல் வேலை, தலை எண்ணுவதுதான். கான்டிராக்டர் ஆள், கேன்டீன் அக்கா, லாரி டிரைவர், பார்வையாளர் என்று கேட்டைத் தாண்டி உள்ளே போன ஒவ்வொருவரும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். அதற்குத்தான் கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் நோட்டில் பெயர் எழுதச் சொல்லி அடம்பிடிக்கிறார். இனி அவர் மேல் எரிச்சல் வராது, இல்லையா?

ஒரு விளையாட்டு

அடுத்த முறை உங்கள் வகுப்பு வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் சுற்றுலா போகும்போது இதைச் செய்து பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ஆளுக்கு ஒரு அட்டை. அதில் 1, 2, 3 என்று எண். ஒரு பெரிய அட்டையில் அத்தனை எண்களையும் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு குண்டூசி வளைத்துச் செருகுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவரவர் அட்டையை அதில் மாட்ட வேண்டும். திரும்பி வந்து ஏறும்போது அவரவர் அட்டையை அவரவரே எடுக்க வேண்டும். நண்பனுக்காக நீங்கள் எடுக்கக் கூடாது. அவன் "ஐஸ்கிரீம் வாங்கிட்டு இதோ வந்துடறேன், நீயே எடுத்துடு" என்று கெஞ்சினாலும் கூடாது! கடைசி அட்டை எடுக்கும்வரை டிரைவர் மாமா வண்டியைக் கிளப்ப மாட்டார் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சருக்கும் டிரைவர் மாமாவுக்கும்கூட ஒவ்வொரு அட்டை செய்ய மறந்துவிடாதீர்கள்.